ஒரு சங்கு மருந்து

செப்டம்பர் 7, ஞாயிறு

பேச ஆள் இல்லாததால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டில் இவர் இருக்கிறார், ரோஷிணி இருக்கிறாள், பக்கத்து வீட்டில் இவருடைய அக்கா பாண்டியம்மாள் மதினி இருக்கிறார். மூவரும் என்னிடம் பேசத்தான் செய்கிறார்கள். "சோறு ஆச்சா", "சித்தி, சாக்ஸ் எங்க", "மோட்டார நிறுத்து". மூன்று மாதமாக இதுதான் பேச்சு.

முப்பத்தாறு வயதில் இரண்டாம் தாரமாக வந்தவள் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்பது என் அம்மாவின் கட்சி. நான் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று கோவில்பட்டியிலிருந்து வேலுச்சாமி அண்ணன் சேலையோடு வந்திருந்தார். இறந்துபோன முதல் தாரம் மாரீஸ்வரியின் அண்ணன், ரோஷிணிக்குத் தாய்மாமன். "எந்தங்கச்சி எடத்துக்கு வந்திருக்க. நீயும் எனக்குத் தங்கச்சிதான். ஆனா ஒண்ணு. தை வரைக்கும் பாப்போம். பிள்ள ஒங்கிட்ட ஒட்டலன்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன். வருத்தப்படக் கூடாது" என்றார். பந்தலில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வேறு என்ன செய்வது, கழுத்தில் அப்போதுதான் தாலி ஏறியிருந்தது.

ஆக, ஆறு வயதுப் பிள்ளை கையில் என் பரீட்சை இருக்கிறது. அவளுக்கோ இளைப்பு. நேற்று ராத்திரி முழுக்க நெஞ்சுக்குள் விசில் சத்தம். இன்று டாக்டரிடம் போனோம். மருந்தை மூச்சோடு இழுக்கிற பம்பு வைக்கச் சொன்னார். மதினி எழுந்தே விட்டார். "பொட்டப்பிள்ளைக்குப் பம்பா? அது பழகிரும் டாக்டர். நாளைக்கு எவன் கட்டுவான்?" டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு டானிக் எழுதினார். மூடியில் கோடு இருக்கிறது, அந்தக் கோடு வரை ஒரு மூடி, மூன்று வேளை, அதற்கு மேல் கூடாது என்றார். இவர் வழக்கம்போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் பம்பு என்றால் பயம்தான். மதினி சத்தம் போட்டது நல்லதாயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மூடியில் கொடுத்தால் ரோஷிணி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். சத்தம் கேட்டு மதினி வந்தார். போனவர் ஒரு வெள்ளிச் சங்கோடு திரும்பினார். ரோஷிணி பிறந்தபோது கோவில்பட்டியில் செய்து போட்டதாம். மாரீஸ்வரி இதில்தான் பாலும் மருந்தும் புகட்டுவாளாம். சங்கைக் கண்டதும் பிள்ளை சமர்த்தாக வாயைத் திறந்தது.

நான் பாதி ஊற்றினேன். மதினி பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏத்தா, மருந்துலகூடவா இழுத்துப் பிடிப்ப? அவ ஆத்தா நெறைய ஊத்துவா."

நிறைய ஊற்றினேன். சித்தி ஊற்றுகிற சங்கு பாதியாக இருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். மூடியை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டேன்.

துவையலுக்கு இன்று தேங்காய் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

இளைப்பு குறைந்திருக்கிறது. காலை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், படுக்கப்போகும்போது என்று தவறாமல் கொடுத்துவிடுகிறேன். இடையில் இழுத்தால் இன்னொரு சங்கு. பாவம், மூச்சு வாங்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

காலையில் எழுந்தால் சங்கு ஈரமாக இருக்கிறது. ராத்திரி துடைத்துத்தான் வைக்கிறேன். ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் இவரிடம் கேட்டால் "எலி உருட்டியிருக்கும்" என்கிறார். டானிக் குடிக்கிற எலி எங்கள் வீட்டில்தான் இருக்கும். இவர் சட்டையைக் கழற்றி உதறினால் மில் பஞ்சு வீடெல்லாம் பறக்கிறது. வாசலிலேயே உதறுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

சாயங்காலம் மதினி வீட்டிலிருந்து வந்த ரோஷிணியின் வாயில் ஆரஞ்சு வாசம். மிட்டாயா என்று கேட்டேன். "இல்ல" என்று ஓடிவிட்டாள். இளைப்பு இருக்கிற பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறார். நான் சொன்னால் குற்றம்.

செப்டம்பர் 19, வெள்ளி

டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். பால் பாய் வரைக்கும் ஓடியது. "பாத்துப் பிடிக்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். வீட்டில் இருந்த கடைசிப் பால் அது.

அவள் கையைப் பார்த்தேன். விரல் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குகிற மாதிரி, ஆனால் வெயில் கொளுத்துகிற நேரம். நான் பார்ப்பதைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அப்படி என்ன கத்திவிட்டேன்?

செப்டம்பர் 26, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் நோட்டைத் திறந்து காட்டினார். ஜூலையில் குண்டு குண்டாக எழுதியிருந்த 'அ', இப்போது கோணல் கோணலாகக் கிடக்கிறது.

"வீட்ல அடிப்பீங்களா?"

"இல்ல டீச்சர்."

"மெரட்டுவீங்களா?"

"இல்ல."

"நீங்க அவங்க அம்மாவா?"

"சித்தி" என்றேன். அவர் "ஓ" என்றார். அந்த ஒரு எழுத்திலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் ரோஷிணி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பயப்படுகிற பிள்ளை தலைப்பைப் பிடிக்குமா? ரோட்டில் லாரி வருகிறது, பிடித்திருப்பாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சைக்கிளுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை, சுண்டல். மதினி வீட்டுக்கு உறவுக்காரர்கள் எட்டுப்பத்துப் பேர் வந்திருந்தார்கள். ரோஷிணியைத் தட்டு எடுத்து வரச் சொன்னேன். தட்டு கிடுகிடுவென்று ஆடியது, கடலை சிதறியது.

"பாத்தீகளா?" என்றார் மதினி. சத்தமாகக்கூட இல்லை. "எங்கிட்ட இருக்கையில நல்லாத்தான் இருக்கும். கோமதியக் கண்டா பிள்ளைக்கு உதறல் எடுத்துக்கிருது."

எல்லோரும் பொரியை மென்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து கடலையைப் பொறுக்கினேன்.

பிறகு படுக்கும்போது ரோஷிணி என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். "சித்தி, இங்க ஏன் டங்கு டங்குன்னு அடிக்குது?" உள்ளங்கைக்கு அடியில் குருவிக் குஞ்சு மாதிரி படபடத்தது. நான் கையை எடுத்துவிட்டேன். நான் தொட்டதால்தான் அப்படி அடிக்கிறதோ என்று இருந்தது.

அக்டோபர் 8, புதன்

இன்றும் அவள் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. புளி தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என்னைக் கண்டால் பிள்ளைக்குப் பயம் என்றால் நான் கண்ணில் படாமல் இருந்துவிட்டுப் போகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் மதினி வீட்டுக்கே போகச் சொல்லிவிட்டேன். தலை பின்னுவதும் அங்கேதான். மருந்து மட்டும் என் பொறுப்பு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நாளைக்கு 'மருந்துகூடக் கொடுக்கவில்லை' என்று ஒரு பேச்சு வரக்கூடாது.

இப்படிச் செய்யத் தொடங்கி நான்கு நாளாயிற்று. நடுக்கம் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒரே இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். மூலைக்கு மூலை சுற்றுகிறாள், திடீரென்று அழுகிறாள், தலை வலிக்கிறது என்கிறாள். நான் தள்ளி இருந்தும் இப்படி என்றால் என் நிழலே ஆகவில்லை போலிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றார். இவருக்கு எல்லாமே கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

தீபாவளிக்கு அவளுக்கு மஞ்சள் பாவாடை எடுத்திருக்கிறேன். மதினி சிவப்பு எடுத்திருக்கிறாராம். எதைப் போடுவாள் என்று கேட்கத் தேவையில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து எனக்கே புரியவில்லை.

நேற்று தீபாவளி. காலையிலிருந்து தெருவில் புகை மூட்டம். ஜன்னலைச் சாத்தினேன், சேலையை நனைத்துத் தொங்கவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் இழுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு சங்கு கொடுத்தேன். நிற்கவில்லை. இன்னொன்று கொடுத்தேன். மதினி தூக்கிக்கொண்டு போனார், கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு வாசத்தோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார். மத்தியானம் மறுபடி ஒரு சங்கு. மூன்று மணிக்கு வாந்தி எடுத்தாள். காலைப் பிடித்துக்கொண்டு "இழுக்குது சித்தி" என்று கத்தினாள். மூச்சு இழுப்பதைச் சொல்லவில்லை, கெண்டைக்கால் சதையைச் சொன்னாள். உடம்பு மொத்தமும் தூக்கிப் போட்டது. சிவப்புப் பாவாடையோடு அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். இவர் பின்னாலேயே சைக்கிளில் வந்தார்.

மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், கையில் பாட்டில் ஏற்றினார்கள். சின்ன வயது டாக்டரம்மா. பூனை மாதிரி இருந்துகொண்டு புலி மாதிரி பேசுகிறார்.

"என்ன மருந்து குடுக்குறீங்க?"

பாட்டிலைக் காட்டினேன்.

"எதுல அளப்பீங்க?"

சங்கைக் காட்டினேன். அதை வாங்கித் தண்ணீர் நிரப்பி, ஒரு மருந்து மூடியில் கோடு வரை ஊற்றினார். கீழே கொட்டிவிட்டு மறுபடி கோடு வரை ஊற்றினார். சங்கில் அப்புறமும் தண்ணீர் இருந்தது.

"ஒரு வேளைக்கு ரெண்டு வேளை மருந்துக்கு மேல போயிருக்கு. ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

நான் பதில் சொல்வதற்குள் இவர் பின்னாலிருந்து, "காலைல ஷிப்டு முடிச்சு வந்ததும் நான் ஒண்ணு குடுப்பேன்" என்றார். "தூக்கத்துல இளைச்சுச்சு. அவளுக்குத் தெரிஞ்சா சண்ட வரும்னு சொல்லல." எலி இவர்தான்.

டாக்டரம்மா ரோஷிணி பக்கம் குனிந்தார். "பாப்பா, வேற யாராச்சும் மருந்து குடுத்தாங்களா?"

"அத்த ஆரஞ்சு மருந்து குடுக்கும். சித்தி ஒழுங்காக் குடுக்காதாம். சொல்லக்கூடாதுன்னுச்சு."

இவர் போய் மதினி வீட்டு ஜன்னலிலிருந்து அந்தப் பாட்டிலைத் தூக்கி வந்தார். மெடிக்கலில் கேட்டு வாங்கிய இருமல் டானிக். டாக்டரம்மா அதையும் இதையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். பேர்தான் வேறாம், உள்ளே இருப்பது ஒரே சாதி மருந்தாம். அளவோடு கொடுத்தால் மூச்சுக்குழாயை விரிக்கும், கூடிப்போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும், ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிக் காலை இழுக்கும்.

"கை நடுக்கம் மருந்துனாலயா?" என்று கேட்டேன்.

"பின்ன எதுனால?"

"பயத்துனால இல்லையா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மருந்துனாலம்மா. நிறுத்தினா ரெண்டு நாள்ல நின்னுரும்."

கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிள்ளை பிழைத்ததற்கு அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

அக்டோபர் 23, வியாழன்

பிள்ளை போய்விட்டாள்.

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி டானிக் வேண்டாம், பம்புதான் என்று எழுதிக் கொடுத்து, குடுவையில் சொருகி மூக்கையும் வாயையும் மூடி வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மருந்து நேராக நெஞ்சுக்குள் போகுமாம், துளிதான் வேண்டுமாம். பழகிப்போகும் என்பது சும்மா பேச்சாம். இழுப்பு நிற்கவில்லை என்றால் வீட்டில் மேலும் மேலும் கொடுத்துக்கொண்டு இருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வரவேண்டுமாம். நான் இரண்டு தரம் செய்து காட்டிச் சரி என்று பேர் வாங்கினேன்.

வீட்டு வாசலில் வேலுச்சாமி அண்ணன் காரோடு நின்றார். மதினி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"தைக்கு இன்னும் நாள் இருக்கு" என்றேன். வெட்கம்கெட்டுப்போய் அதைத்தான் முதலில் சொன்னேன்.

"நாளு பாத்துக்கிட்டு இருந்தா பிள்ள மிஞ்சாதும்மா."

சங்கைச் சொன்னேன், இரண்டு மருந்தைச் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். மதினி தெருவில் நின்று மாரியம்மன் கோயில் பக்கம் கையை நீட்டினார். "ஆத்தா இல்லாத பிள்ளைக்கு நான் கெடுதல் நெனப்பேனா? இவ பயமுறுத்துனதுக்கு எம்மேல பழியா?"

நான் இவரைப் பார்த்தேன். வார்டில் என்னோடு நின்று எல்லாவற்றையும் கேட்ட மனிதர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைத் தெருவில் வைத்துக் குற்றம் சொல்லிப் பழக்கம் இல்லை. தன் குற்றத்தைச் சொல்லியும் பழக்கம் இல்லை.

மதினிதான் உள்ளே போய் அவள் துணிமணியை மூட்டை கட்டினார். கார் கிளம்பும்போது ரோஷிணி கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ராத்திரி சோறு போடும்போது இவர் சொன்னார்: "நீ வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும் கோமதி."

நான் என்ன பண்ணினேன்?

அக்டோபர் 25, சனி

அலமாரியைத் துடைத்தேன். பம்பும் குடுவையும் மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. சங்கு இல்லை. டானிக் பாட்டில் இல்லை. மேல்தட்டில் மூடி மட்டும் கிடக்கிறது.

மதினி இரண்டையும் மூட்டையில் வைத்து அனுப்பியிருக்கிறார். ஆரஞ்சு பாட்டிலும் கூடவே போயிருக்கும்.

போன் போட்டேன். அண்ணனின் மனைவி எடுத்தார். "சங்கு வேண்டாம் மதினி, அந்த டானிக் வேண்டாம், பம்பு இங்க இருக்கு, நான் கொண்டாரேன்" என்றேன். "இங்க வந்தும் ஒங்க அதிகாரமா? அவ ஆத்தா சங்குல குடுக்காம வேற எதுல குடுப்போம்?" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். மறுபடி மறுபடி போட்டேன். அணைத்துவிட்டார்கள்.

இவரைப் பேசச் சொன்னேன். "அவங்களும் பிள்ளையப் பாத்துக்கிறவங்கதான" என்றார். அதுதான் பயமாக இருக்கிறது என்று சொன்னேன், இவருக்குப் புரியவில்லை. எல்லோரும் பாத்துப் பாத்துத்தான் இந்தக் கதி.

அக்டோபர் 26, ஞாயிறு

பிரித்த பம்பை வாங்க மாட்டார்கள் என்று, மெடிக்கலில் புதுப் பம்பும் குடுவையும் சீல் பிரிக்காமல் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் கோவில்பட்டி போனேன்.

வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மழைக்கு மூடின வீட்டின் புழுக்க வாசம். ரோஷிணி இருமுகிற சத்தம் கேட்டது. பின்னால் அதே விசில். அண்ணனின் மனைவி கையில் வெள்ளிச் சங்கு, தளும்பத் தளும்ப.

"குடுக்காதீங்க" என்றேன்.

"போம்மா அங்கிட்டு" என்றார் அண்ணன். "மருந்துனால கை நடுங்குதுன்னு கத விடுற. மருந்து என்ன பண்ணும்? மனுசன்தான் பண்ணுவான்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்கவில்லை. காலில் விழாத குறையாகச் சொன்னேன். கேட்கவில்லை. சங்கு உள்ளே போகத் திரும்பியது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் நல்லது சொன்னால் இவர்கள் நம்பப் போவதில்லை. கெட்டது சொன்னால் உடனே நம்புவார்கள்.

"அதுல நான் கலந்திருக்கேன்" என்றேன்.

சங்கு நின்றது.

"அந்தப் பாட்டில்ல. சங்குலயும் தடவிருக்கேன். ரெண்டு பாட்டில்லயும். பிள்ள போயிரட்டும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்கு அதுனாலதான் போச்சு."

அண்ணன் என்னை அறைந்தார். வலித்தது, ஆனால் என் கண் சங்கின் மேல்தான் இருந்தது. அவர் மனைவி அலறிக்கொண்டு மருந்தைச் சாக்கடையில் ஊற்றினார். இரண்டு பாட்டிலும் தெருவில் உடைந்தன. சங்கைக் கல்லில் வைத்து நசுக்கினார் அண்ணன். "போலீசுக்குப் போகாம விடுறேன்னா எந்தங்கச்சி மக பேரு நாறக்கூடாதுன்னுதான். இனி இந்த வாசப்படி மிதிச்சா கால ஒடிப்பேன்."

"சரிண்ணே" என்றேன். பையைப் படியில் வைத்தேன். "இது கடையில வாங்குனது. நான் பிரிக்கவே இல்ல, சீலப் பாருங்க. நம்பலன்னா ஒங்க ஊரு டாக்டர்ட்டயே கொண்டுபோங்க. இப்பவே கொண்டுபோங்க, பிள்ள இழுக்குறா."

அவர் மனைவி பையை எடுத்துக்கொண்டார். சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

திரும்பும்போதுதான் பார்த்தேன். கதவோரம் ரோஷிணி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியவில்லை. எல்லாம் கேட்டிருப்பாள். நான் ஒரு எட்டு வைத்தேன். அவள் பின்னால் போனாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நடுங்குகிறதா இல்லையா என்று பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னல் ஓரம்.

அக்டோபர் 27, திங்கள்

கோவில்பட்டியிலிருந்து போன் வந்ததும் இவர் கேட்டார், "நெசமாவே கலந்தியா?"

சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். கேட்க முடிந்ததே இவரால் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல மழை. துணி காயவில்லை. மஞ்சள் பாவாடையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

மதினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, யாரிடமோ சொல்வது போல எனக்குச் சொன்னார். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளாம். நன்றாகத் தூங்குகிறாளாம். டம்ளர் நிறையப் பாலை ஒரு சொட்டு சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடக்கிறாளாம். "இவ கைய விட்டுப் போன மறுநாளே நடுக்கம் நின்னுபோச்சு பாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நான் இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு சிந்தாமல் என்று அவர் சொன்னதை மட்டும் மனதுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன்.